துறைமுகத்துக்கு ஒரு சாரோன்

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த விஜிலாவின் காதில் அந்தப் பெயர் விழுந்தது. கீழே அவள் புருஷன் ஃபிராங்க்ளின், கப்பல் சிநேகிதன் இனிகோவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"செமராங் சாரோன் நிதானம்லே. சுரபயா சாரோன் கொஞ்சம் முரடு. பாண்டுங் சாரோன் இருக்கே, ஆளைக் கிறங்கடிச்சிரும்."

ஈரச்சட்டை கை நழுவி விழுந்தது. ஜாவாத் தீவில் கப்பல் ரிப்பேருக்கு நின்றபோது மாசக்கணக்கில் சும்மா கிடந்ததாகச் சொன்ன மனுஷன். வந்த நாள்முதல் காதில் ஹெட்போன். கூப்பிட்டால் பதில் இல்லை. அதே கப்பலில் மறுபடி ஏறப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறான். விஜிலாவின் தெருவிலேயே சாரோன் என்று ஒரு பெண் உண்டு. இவனுக்கோ துறைமுகத்துக்கு ஒருத்தி!

இனிகோ என்ன கேட்டானோ, ஃபிராங்க்ளின் குரலைத் தாழ்த்தினான். "வியாழக்கிழமை உன் கப்பல்ல வந்திரும்லா? வீட்டுலதான் வைக்கணும். விஜி முதல்ல முகத்தைத் தூக்குவா, பிறகு பழகிருவா."

அவள் சண்டை போடவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடுவான். மீன்குழம்பில் உப்புக் கூடியதைக்கூட அவன் கவனிக்கவில்லை. அதுவும் அவன்மேல் ஒரு குற்றமாகச் சேர்ந்தது.

வியாழக்கிழமை, மணப்பாட்டு அம்மா வீட்டுக்குப் போகப் பையைக் கட்டி வாசலில் வைத்தாள். லோடு ஆட்டோ வந்தது. அதில் பெண் யாரும் இல்லை. ஃபிராங்க்ளினும் இனிகோவும் தொட்டில் மாதிரி ஒரு மரச்சட்டத்தை இறக்கினார்கள். மேலே வரிசையாக வெண்கலப் பட்டைகள்.

"சாரோன் எங்க?" என்றாள்.

"இதான் சாரோன்."

அந்த ஊர் வாத்தியமாம். ஹெட்போனில் கேட்டதும் இதைத்தானாம். நடு ஜாவாவில், செமராங் பக்கம், ஆற அமர வாசிப்பார்கள். சுரபயாப் பக்கம் அடி பலம். மேற்கே பாண்டுங்கில் சுந்தா ஜனங்கள் புல்லாங்குழலோடு சேர்த்துத் துள்ளவிடுவார்கள். அவன் சொல்லிக்கொண்டே போனான். இனிகோ வாசலில் இருந்த பையைப் பார்த்துவிட்டு, "மதினி, சாரோனுக்கு இடம் ஒழிச்சுக் குடுக்கீகளோ?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு நழுவினான்.

விஜிலாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏளா, இங்கன உக்காரு," என்று ஃபிராங்க்ளின் மரச்சுத்தியலைக் கொடுத்தான். அடுத்த பட்டையைத் தட்டும்போதே முந்தினதை இடதுகையால் பிடித்து அடக்கவேண்டும். இல்லாவிட்டால் நாதம் குழம்பிவிடும். அவளுக்கு அது வரவில்லை. அவன் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, அவள் விரல்களைப் பொத்திப் பிடித்துப் பட்டைக்குப் பட்டை பதமாக நகர்த்தினான். பாட்டு வந்தது.

விஜிலா கையை நிறுத்தினாள்.

"உங்களுக்கு யாரு இப்படிக் கையைப் பிடிச்சுச் சொல்லிக்குடுத்தா?"

"பாண்டுங்ல ஒரு வாத்தியார்."

"ஆம்பளையா?"

கடைசியாகத் தட்டிய பட்டையை யாரும் அடக்கவில்லை. அது ரீங்கரித்துக்கொண்டே இருந்தது.

"வயசானவங்கதான்," என்றான்.

விஜிலா சுத்தியலை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அடுத்தது ஆப்பிரிக்காப் பக்கம் போற கப்பலாப் பாருங்க. சாரோன் இங்கனயே என்கூட இருக்கட்டும்."