புதுத்தடம் விழக்கூடாது

யோசெப்பின் டொக்டரிடம் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. தேநீர்த் தட்டத்தில் அன்றைய பத்திரிகையை, திகதி மேலே தெரிகிற மாதிரி மடித்து வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனால் அந்த அவ்வளவுதான் அவளை ஒரு மாதத்துக்கு மேல் ஒழுங்காக நித்திரை கொள்ள விடவில்லை.

டொக்டர் வந்தது படத்தின் காப்புறுதிக்காக. எழுபத்தாறு வயது நடிகை பாதிப் படத்தில் படுத்துவிட்டால் காப்புறுதிக்காரருக்குத்தானே நட்டம். "இன்றைக்கு என்ன திகதி மதாம்?" என்று கேட்டார். மதாம் சொலாஞ் மெரிவால் கோப்பையை எடுக்கிற சாட்டில் தட்டத்தை ஒருதரம் பார்த்தார். "பெப்ரவரி ஒன்பது, இரண்டாயிரத்து நாலு. ஏன் டொக்டர், நீங்கள் மறந்துவிட்டீர்களா?" டொக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். யோசெப்பின் குசினிக்குள் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யோசெப்பின் மன்னார், பேசாலைக்காரி. பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர்தேசத்தில், அஹுன்ட்சிக் என்ற இடத்தில், புருஷன் அருமைநாதனோடு வாடகை வீட்டில் இருந்தாள். ஒரு படக் கம்பனியின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவளை, பிரான்சிலிருந்து வருகிற நடிகைக்கு மூன்று மாதம் துணையாக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். ஓம் என்றாள். நடிகைக்கு எடுத்திருந்த வீடும் அஹுன்ட்சிக்கில்தான், பின்பக்கம் அப்படியே ஆறு. குளிர்காலத்தில் ஆறு உறைந்து வெள்ளை வெளியாகக் கிடக்கும். வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடிய நாளிலிருந்து தண்ணீர் என்றாலே யோசெப்பினுக்குப் பயம். அவள் அந்தப் பக்கத்துத் திரைச்சீலையைத் திறப்பதே இல்லை.

மதாம் நல்ல வாய்க்காரி. பிரெஞ்சில் அவர் அடிக்கிற பகிடி அரைவாசிதான் யோசெப்பினுக்கு விளங்கும், அதற்கே வயிறு நோகும். ரூவானில் ஒரு பேக்கரிக்காரரின் மகளாம். பதினேழு வயதில் சித்தியின் கோட்டைக் கேளாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு பாரிசுக்கு ஓடிவந்தாராம். அந்தக் கோட்டு பாத்திரத்துக்குப் பொருத்தமாக இருந்ததால்தான் முதல் படமே கிடைத்தது என்பார். முப்பது வயதில் சுவரெல்லாம் அவர் முகம். நாற்பதில் தொலைபேசி அடிப்பது நின்றுபோனது. ஆறு வருடம் அடிக்கவே இல்லை. பிறகு அம்மாவாகக் கூப்பிட்டார்கள், மாமியாராகக் கூப்பிட்டார்கள். "இனிப் பிணமாக நடிக்கத்தான் கூப்பிடவில்லை ஜோசெஃபின். கூப்பிட்டால் போவேன். வசனம் இல்லைதானே." யோசெப்பின் விழுந்து விழுந்து சிரித்தாள். அது பகிடி இல்லை என்று பேந்துதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். ஒரு நடிகரின் கடைசிக் காட்சி எடுத்து முடிந்ததும், உதவி இயக்குநர் அவருடைய பெயரை உரத்துச் சொல்லி அறிவிப்பாராம். தச்சுவேலைக்காரர், லைட்காரர், சாப்பாடு போடுகிறவர் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டுவார்களாம். "நாற்பத்து மூன்று படம், நாற்பத்து மூன்று கைதட்டல். நாற்பத்து நாலாவதையும் கேட்டுவிட்டால் போதும்."

பெப்ரவரிக் கடைசியில் அந்த ஆற்றிலேயே ஒரு காட்சி எடுத்தார்கள். கிழவி ஒருத்தி செத்துப்போன புருஷனைத் தேடிப் பனிக்கட்டியின் மேல் அக்கரைக்கு நடக்கிறாள். பனிக்கட்டியைத் துளைத்துக் கனம் பார்த்து, கயிறோடு நாலு பேரை நிறுத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். இயக்குநர் "கூப்பே" என்று கத்தினால் கமெரா நிற்கும், மதாமும் நிற்பார். திரும்ப எடுக்க வேண்டுமென்றால் வந்த அடியிலேயே காலை வைத்துத் திரும்பி வரவேண்டும். பனியில் புதுத்தடம் விழுந்தால் படத்தில் தெரிந்துவிடும். ஐந்து தரம் நடந்தார். யோசெப்பின் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கரையில் நின்றாள்.

மார்ச் பிறந்ததும் மதாமுக்கு மறதி முற்றியது. அடுப்பைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். செத்துப் பன்னிரண்டு வருடமான புருஷனுக்கும் சேர்த்து மேசையில் தட்டு வைக்கச் சொன்னார். ஒருநாள் யோசெப்பினின் கையை இறுக்கிப் பிடித்து, "அவர்களுக்குத் தெரிந்தால் என்னைக் கொண்டுபோய் ஒரு யன்னலோரம் இருத்திவிடுவார்கள். இருபத்தைந்தாம் திகதி வியாழக்கிழமை என் கடைசிக் காட்சி. அதுவரைக்கும் சொல்லாதே" என்றார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தபின் யோசெப்பினால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்?

அருமைநாதனுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது. "உமக்கேனப்பா இந்தத் தேவையில்லாத வேலை? அந்த மனுசிக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு? கம்பனிக்காரரிட்டச் சொல்லிப்போட்டு ஒதுங்கும்."

"இன்னும் நாலு நாள்தானே இருக்கு. அதுக்குள்ள என்ன நடக்கப்போகுது?"

"நடக்கிறதுக்கு நாலு நாள் வேணுமே?"

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பால் முடிந்துவிட்டது. மதாம் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். மூலையில்தான் டெப்பனர் என்கிற சில்லறைக் கடை, போய்வரப் பத்து நிமிடம். யோசெப்பின் ஓட்டமும் நடையுமாகப் போய் வந்தாள். வந்து பார்த்தால் கதிரையில் ஆளில்லை. பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஆணியில் மதாமின் பழுப்புக் கோட்டும் இல்லை.

முந்தின இரவு பெய்த புதுப் பனியில் ஒரு சோடிக் காலடி, நேராக ஆற்றுக்குப் போனது.

ஒரு கிழமையாகவே பகலில் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் பனிக்கட்டி உடைந்து கறுப்புத் தண்ணீர் ஓடுவது இங்கிருந்தே தெரிந்தது. அதை நோக்கி மதாம் நடந்துகொண்டிருந்தார். முதுகு கூனி, கையைச் சற்று நீட்டி, அந்தக் கிழவி நடந்த அதே நடை. எடுத்து முடித்த காட்சியை இன்றைக்கென்று நினைத்துவிட்டார்.

"மதாம், நில்லுங்கள்!"

மதாம் திரும்பவில்லை. கமெரா ஓடும்போது கரையில் கத்துகிறவர்களைத் திரும்பிப் பார்த்தவர் நாற்பத்து மூன்று படம் நடித்திருப்பாரா? ஆம்புலன்சைக் கூப்பிட்டால் வர எப்படியும் பத்து நிமிடம். மதாமுக்கும் தண்ணீருக்கும் நடுவே முப்பது அடிகூட இல்லை. யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலைப் பனிக்கட்டியில் வைத்தாள். கீழே எங்கோ சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. காலை இழுத்துக்கொண்டாள். தன் பாரத்தையும் அது தாங்காது என்று விளங்கியது. மாதாவே, நான்தானே இந்த மனுசியை இங்கே விட்டு வைத்தது, நான்தானே அந்தப் பேப்பரை மடித்து வைத்தது.

அப்போதுதான் அவளுக்கு அது வந்தது. இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"கூப்பே!"

மதாம் நின்றார். நின்ற நிற்பிலேயே கூன் நிமிர்ந்தது, நீட்டிய கை இறங்கியது. அறுபது வருடம் பழகிய உடம்பு.

"திரும்ப எடுக்கிறோம், மதாம். வந்த அடியிலேயே திரும்பி வாருங்கள். புதுத்தடம் விழக்கூடாது."

மதாம் திரும்பினார். தன் காலடிகளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கால் வைத்தார். ஐந்தாறு அடி வந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். அவருடைய சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்து பனி சாம்பல் நிறமானது.

"ஏன் திரும்ப எடுக்க வேண்டும்? நான் என்ன பிழை விட்டேன்?"

அங்கே நின்றா இதைக் கேட்பது? "உங்களில் ஒரு பிழையும் இல்லை, மதாம். கமெராவில் கோளாறு."

"எப்போதும் கமெராவில்தான் கோளாறு" என்று முணுமுணுத்துக்கொண்டு மதாம் மறுபடி நடந்தார். யோசெப்பின் மூச்சு விடாமல் அடிகளை எண்ணினாள். பதினெட்டாவது அடியில் மதாமின் இடது கால் கணுக்கால் வரை புதைந்தது. அவர் அதைத் தன் பாட்டில் இழுத்தெடுத்துக்கொண்டு வந்தார். நாற்பத்தொன்றாவது அடியில் யோசெப்பின் கோட்டைப் பிடித்து இழுத்து அவரைக் கரையில் சேர்த்தாள். இரண்டு பேரும் பனியில் இருந்தார்கள். யோசெப்பின் அழுதுகொண்டே அந்த ஈரச் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தன் சால்வையால் சுற்றினாள்.

மதாம் சுற்றிவரப் பார்த்தார். கமெரா இல்லை, கயிறு பிடித்தவர்கள் இல்லை. "எல்லாரும் எங்கே, ஜோசெஃபின்?" என்றார். பிறகு ஆற்றின் நடுவே ஓடுகிற கறுப்புத் தண்ணீரைக் கண்டார். தன் காலடி அதற்குக் கிட்டே போய்த் திரும்பியிருப்பதையும் கண்டார்.

"யாருமே இல்லையா?"

"நான் மட்டும்தான், மதாம்."

மதாமின் கண்கள் யோசெப்பினின் கோட்டுப் பைக்குப் போயின. கம்பனி கொடுத்த கைத்தொலைபேசி அதில்தான் இருந்தது. "இன்னும் மூன்று நாள்" என்றார், கேட்குமோ கேட்காதோ என்ற குரலில். யோசெப்பின் தலையை ஆட்டினாள். இல்லை, இனி ஒருநாளும் முடியாது.

அவள் எழுந்து நின்றாள். கையுறைகளைக் கழற்றிப் பனியில் போட்டாள். உதவி இயக்குநர் நிற்கிற மாதிரி ஆற்றைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் உரத்துச் சொன்னாள்.

"மதாம் சொலாஞ் மெரிவாலின் கடைசிக் காட்சி முடிந்தது."

சொல்லிவிட்டுக் கைதட்டினாள். குளிரில் உள்ளங்கை எரிந்தது. மதாம் ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் சால்வையுமாக எழும்பி, நெஞ்சில் கை வைத்து, ஆற்றுக்கு ஒருதரம், வீட்டுக்கு ஒருதரம், யோசெப்பினுக்கு ஒருதரம் தலை வணங்கினார்.

யோசெப்பின் தட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

கடைசியில் மதாமே அந்த இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினார். "போதும் பிள்ளை" என்றார். "இனிக் கூப்பிடு."