இடது காதில் கேட்ட குரல்

டேட்டன் நகரத்தில், கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஆலை ஒன்றில் ஆல்டன் கிரிக்ஸ்பி இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். தகடு அடிக்கும் எந்திரத்தின் இரைச்சல் அவருடைய வலது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆலையை மூடிய வருடம் சோதித்துப் பார்த்த டாக்டர், அந்தக் காதில் இனி ஒன்றும் கேட்காது என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் ஆல்டன் கவலைப்பட்டது லூஷியஸ் பெட்வேயின் ரெக்கார்டுகளைப் பற்றித்தான்.

பெட்வேயும் டேட்டன்காரர்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டை ஸ்டூடியோவாக்கி, டிரம், பேஸ், கீபோர்டு, கிடார் எல்லாவற்றையும் தானே வாசித்து, 1977 முதல் முப்பத்துநான்கு ஆல்பம் போட்டவர். அதில் இரண்டு நாடு முழுக்க ரேடியோவில் ஓடின. கம்பெனிகள் கைவிட்ட பிறகும் மனிதர் ஓயவில்லை. கேசட்டில் பதிந்து முடிதிருத்தும் கடைகளில் வைத்து விற்றார். முப்பத்துநான்கும் ஆல்டனிடம் இருந்தன. அந்த பேஸ் அதிரும்போது, எட்டு மணி நேரம் நின்ற கால்வலிகூட ஆட்டமாக மாறிவிடும் என்பார்.

இப்போது ஹெட்ஃபோனை மாட்டினால் பாதிப் பாட்டைக் காணோம். கிடார் வலப்பக்கம் இருந்தால் அது போச்சு. டிரம்பெட் அங்கே இருந்தால் அதுவும் போச்சு. ஒரு நாள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

மனைவி சார்மெய்ன் வாசற்படியில் நின்று பார்த்தாள். "என்ன, பெட்வேயை வீட்டை விட்டுத் துரத்துற?"

"ஒரு பக்கம்தான் கேக்குது, சார்மெய்ன். பாதிப் பாட்டுக்கு எதுக்கு இவ்வளவு இடம்?"

"ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக்கோ. அந்தப் பக்கம் இந்தக் காதுக்கு வந்துடும். இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு ரெக்கார்டையும் இரண்டு முறை கேட்டார்: ஒரு முறை இடம், ஒரு முறை வலம். முப்பது வருடம் மனப்பாடமாக இருந்த பாட்டுகள் பிரிந்து நின்றபோது, உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. அப்படித்தான் 1980ஆம் வருட ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில், கிடார் சத்தம் ஒதுங்கிய இடத்தில், ஒரு பெண் குரல் கேட்டது. பாடத் தொடங்கும் முன் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு மேலே ஏறும் ஒரே ஒரு வரி. உறையைப் புரட்டிப் பார்த்தார். பெண் பெயரே இல்லை.

இரண்டு வருடம் கழித்து வந்த ஆல்பத்திலும் அதே சிரிப்பு, அதே வரி, வேறு பாட்டுக்குள். அப்புறம் 85இல், 91இல், 2006ஆம் வருடக் கேசட்டில். ஆல்டன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஆல்பம், பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்று எழுதினார். ஏழு மாதத்தில் பதினோரு ஆல்பம் சேர்ந்தது.

"இது யாரா இருக்கும்?" என்று சார்மெய்னிடம் ஹெட்ஃபோனை நீட்டினார்.

அவள் கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். "நம்ம சர்ச் வாசல்ல வெள்ளைக் கையுறை போட்டு வர்றவங்கள வரவேற்க நிக்கிறாங்களே, மிஸ் எர்லீன் மோஸ்பி, அவங்க மாதிரி இருக்கு."

"அவங்க பாடவே மாட்டாங்களே."

"நம்ம சர்ச் டீக்கன் செத்தப்போ நான் அவங்க பக்கத்துல நின்னேன். அன்னைக்கு மட்டும் வாய்க்குள்ளேயே பாடினாங்க. இந்தக் குரல்தான், ஆல்டன்."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எர்லீனைச் சாப்பிட அழைத்தார்கள். பொரித்த கோழியும் கீரையும் மேஜைக்கு வந்ததும், ஆல்டனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மிஸ் எர்லீன், நீங்க பெட்வே ரெக்கார்டுல பாடியிருக்கீங்களா?"

"நான் பாடுறதில்ல, பிரதர் கிரிக்ஸ்பி. ஆள் மாறிப் போச்சு உங்களுக்கு."

"வந்தவங்களச் சாப்பிட விடு. போலீஸ் மாதிரி விசாரிக்காத" என்றாள் சார்மெய்ன்.

ஆனால் அவர் ஏற்கெனவே ஹெட்ஃபோனை நீட்டிவிட்டார். மரியாதைக்காக எர்லீன் வாங்கி மாட்டிக்கொண்டாள். சற்று நேரத்தில் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பாட்டு முடிந்த பிறகும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

"இத அழிச்சிடுவேன்னு சொன்னானே" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்தப் பாட்டைப் பதிந்த வருடம் அவள் பெட்வே குழுவோடு இருபது ஊர்களுக்குப் பாடப் போவதாக இருந்தது. பஸ் கிளம்புவதற்கு முந்தின நாள் அலபாமாவிலிருந்து தகவல் வந்தது: தங்கை படுக்கையில், மூன்று குழந்தைகள். எர்லீன் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். போனில் பெட்வே கத்தினான்: டேப்பில் உன் குரலை ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் அழித்துவிடுவேன். தப்பு தன்னுடையது என்று அவளும் ஏற்றுக்கொண்டாள். தங்கை பிழைக்கவில்லை. குழந்தைகளை வளர்த்துவிட்டு டேட்டனுக்குத் திரும்பியவள், அவன் பாட்டு எந்தக் கடையில் ஒலித்தாலும் சாமானை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

ஆல்டன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவள் முன் வைத்தார். "ஒண்ணுல மட்டும் இல்ல, மிஸ் எர்லீன். பதினோரு ஆல்பத்துல இருக்கீங்க."

அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "எல்லாத்தையும் போடுங்க" என்றாள்.

சாப்பாடு ஆறிப்போனது. பதினொன்றும் முடிந்தபோது அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மூக்கால் சின்னதாகச் சிரித்தாள். சார்மெய்ன் ஆல்டனைப் பார்த்தாள். அதே சிரிப்பு.

பெட்வேயின் நம்பரை சர்ச் செயலாளரிடம் கேட்டு வாங்கினார்கள். மேஜை நடுவில் போனை வைத்து எர்லீனே பேசினாள்.

"லூஷியஸ், நான் எர்லீன்."

"எந்த எர்லீன்?"

"உன்ன நட்டாத்துல விட்டுட்டுப் போன எர்லீனுங்க எத்தனை பேரு?"

"ஒருத்திதான்" என்றது போன்.

"அழிக்கிறேன்னு சொன்னியே."

"அழிக்கத்தான் டேப்ப மாட்டினேன். பட்டன் வரைக்கும் கை போச்சு. அதுக்குள்ள டேப்புல நீ சிரிச்சுத் தொலைச்ச." அவன் இருமினான். "உன் தங்கச்சி போனது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். உன் அட்ரஸ் யாருகிட்டயும் இல்ல. எங்கயாவது கேட்டுட்டு நீயே கூப்பிடுவேன்னு, ரெக்கார்டு போடுறப்பல்லாம் ஒரு ஓரமா உன்ன வச்சுட்டு வந்தேன்."

"நான் கேக்கவே இல்ல, லூஷியஸ்."

"பின்ன எவன்தான் கேட்டான்?"

"இங்க ஒருத்தர் இருக்கார். ஒத்தக் காதுதான் அவருக்கு." போனை ஆல்டன் பக்கம் தள்ளினாள்.

ஆல்டன் முப்பது வருடமாகச் சொல்ல நினைத்தது நிறைய இருந்தது: அந்த ஆலையில் ஒவ்வொரு ஷிஃப்டையும் பெட்வேயின் பாட்டை முணுமுணுத்தே கடந்தது, அந்தப் பாட்டுக்கு ஆடித்தான் சார்மெய்னைச் சம்மதிக்க வைத்தது. வாயைத் திறந்தபோது, "ரொம்ப நன்றி, மிஸ்டர் பெட்வே" என்பது மட்டும்தான் வந்தது.

"நான்தான் உனக்குச் சொல்லணும், பிரதர். எத்தனை கண்டுபிடிச்ச?"

"பதினொண்ணு."

"பதினாலு."

"இல்ல சார், ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டேன்."

"வச்சவன் நான். பதினாலு. ஒழுங்காக் கேளு."

எர்லீன் செவ்வாய்க்கிழமை அந்தக் கார் ஷெட்டுக்குப் போனாள். அதன் பிறகு எல்லாச் செவ்வாயும் போகிறாள். சர்ச்சில் கையுறையோடு வாசலில்தான் நிற்கிறாள். ஆனால் இப்போது அங்கிருந்தே பாடுவது முன்வரிசைவரை கேட்கிறது.

ஆல்டன் திங்கள் காலையே முதல் ஆல்பத்திலிருந்து மறுபடி தொடங்கினார். இலையுதிர் காலத்துக்குள் இரண்டு அகப்பட்டன. மூன்றாவது எங்கே என்று எர்லீனிடம் கேட்டால் தலையாட்டிச் சிரிக்கிறாள். அவருக்கும் அவசரமில்லை.