ஆறு லட்சம் பேர் குடித்த சூப்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கும் பதினொன்றே முக்காலுக்கும் இடையில், ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு எதிரே இருந்த கடையின் முப்பது லிட்டர் சூப்பை, அந்தக் கடைக்குள் காலே வைக்காத ஆறு லட்சம் பேர் குடித்து முடித்தார்கள். பானையில் ஓட்டை இல்லை. மூடி மூடியபடியே இருந்தது. கடைக்காரி திறந்து பார்த்தபோது அடியில் கேரட் துண்டுகளும் எலும்பும் மட்டும் காய்ந்து கிடந்தன. வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள். அதில் ஒருவர், மனைவியை அப்போதுதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவர். அவரிடம் சூப் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது வருஷத்தில் மதியத்துக்கு முன்னால் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவளைக் கரண்டியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். யாரோடு பேசினாலும் கையிலிருக்கும் கரண்டியை நீட்டியே பேசுவாள். ஆறு மேஜை போட்ட கடை. சூப், குழைய வேகவைத்த சோறு, வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி, அவித்த முட்டை, டீ, சூடான பாலில் கலக்கிய கோகோ, அவ்வளவுதான் கிடைக்கும். படுத்திருப்பவரும் பக்கத்தில் துணையிருப்பவரும் வயிற்றைப் புரட்டாமல் சாப்பிடக்கூடியவை. அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கமாட்டாள். சிரிக்க அவளுக்கு நேரமில்லை. அழுது வீங்கின முகத்தோடு வருகிறவருக்கு இன்னொரு கரண்டி ஊற்ற மட்டும் நேரமிருந்தது. அதற்காகவே எட்டு பஸ் நிறுத்தம் தாண்டி வந்து சாப்பிட்டவர்கள் உண்டு.

சிரிக்க வேண்டும் என்று சொன்னவன் அவள் தம்பி. பற்பசை விளம்பரம் செய்யும் ஆபீசில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, முப்பத்திநாலு வயதில், போனை நிறுத்திப் படம் பிடிக்க ஒரு முக்காலியும் வட்ட விளக்கும் எடுத்துக்கொண்டு அக்கா கடைக்கு வந்தான். வாடிக்கையாளரை இழுக்க இனிமேல் வாசலில் பலகை வைத்தால் போதாது, அவர்கள் கையிலிருக்கும் போனுக்குள் போய் உட்கார வேண்டும் என்றான். முதல் மூன்று செகண்டில் ஆவி தெரிய வேண்டும். ஆவி போதாவிட்டால், நனைத்துச் சூடாக்கிய பஞ்சைக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். கரண்டி பானைக்குள் போவதையும் வருவதையும், முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும்படி வெட்டி ஒட்டினான். பார்க்கிறவனுக்கு வீடியோ முடிந்ததே தெரியாது. ஒரே கரண்டியை ஐந்து தடவை பார்ப்பான். வீடியோ போடுகிற இணையப் பக்கத்துக்குக் 'கரண்டியக்கா' என்றே பேர் வைத்தான், அவளைக் கேட்காமல். கீழே எழுதினவர்கள் எல்லோரும் திருப்தியாகவே எழுதினார்கள். "மிளகு கொஞ்சம் தூக்கல், மத்தபடி சூப்பர்." "ரெண்டு தடவை பாத்தேன், மதியம் சாப்பாடே இறங்கல." யாரும் விளையாட்டுக்கு எழுதவில்லை என்பது அப்போது தெரியாது. நாலு லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கடைக்கு வரவில்லை. எதற்கு வர வேண்டும்? குடித்தாகிவிட்டதே.

கணக்கைக் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பரிசோதிக்கிற பெண். தினமும் பதினோரு மணிக்கு டீக்கு வருவாள். செவ்வாய்க்கிழமை விஷயத்தைக் கேட்டதும் மறுநாள் ஓர் அளவுக் குழாயைக் கொண்டுவந்தாள். அதில் நூறு மில்லி சூப்பை ஊற்றி, தம்பியைப் படம் பிடித்துப் போடச் சொன்னாள். கையில் தம்பியின் போன், கண் குழாயின் கோட்டில். இருபது பேர் பார்த்தபோது ஒரு மில்லி குறைந்தது. இரண்டாயிரம் பேரில் குழாய் காலி. வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி ஊற்றினாள். ஊற்றினது அப்படியே நின்றது. மூன்று தடவை செய்தும் அதே விடைதான். "ஒரு ஆள் ஒரு தடவை பாத்தா ஒரு துளி, அக்கா," என்று சொல்லிவிட்டு, டீ ஆறுவதற்குள் குடித்துக் கிளம்பினாள். அவளுக்கு இன்னும் நாற்பது சாம்பிள் பாக்கி இருந்தது.

அக்கா பானை வீடியோ எல்லாவற்றையும் அன்றைக்கே அழிக்க வைத்தாள். பானை நிறைந்தே நின்றது. தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சூப் பொடி செய்கிற ஒரு கம்பெனி அவனிடம் பேச ஆரம்பித்திருந்த நேரம் அது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மூன்று மணிக்கு, வரிசை கலைந்தபின், அடியில் மிஞ்சின ஒரே ஒரு கரண்டியைப் படம் பிடித்துக்கொள்ளலாம். வேறெதையும் தொடக்கூடாது. பதினோரு நாள் அவன் அதன்படி நடந்தான். மிஞ்சின கரண்டியை யாரும் விரும்பிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது நாள், ஒரு திங்கட்கிழமை, அவன் வேறொன்றைப் பிடித்தான். மூன்றாவது மாடியில் தொண்டையில் ஆபரேஷன் செய்த ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய மகள் தினமும் பன்னிரண்டரைக்கு ஒரு அரை லிட்டர் பிளாஸ்கோடு வருவாள். அவர் தொண்டை வேறெதையும் ஏற்கவில்லை. வார்டு சாப்பாடு, பால், பழச்சாறு எல்லாம் திரும்பி வந்தன. கரண்டியக்காவின் சூப் மட்டும், வடிகட்டி, மெல்ல மெல்ல உள்ளே போனது. வெள்ளிக்கிழமைக்குள் வாயால் ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை போட்டு, பெரியவர் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டு, ரத்தமாகியிருந்தது. மகள் இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி முட்டை அடுக்கின தட்டுக்குப் பின்னால் போனை வைத்திருந்தான். சூப் பிளாஸ்குக்குள் விழுவது, மகளின் கை மூடியைத் திருகுவது, அந்தக் கை லேசாக நடுங்குவது. மெதுவாக்கி, அழுகிற மாதிரி ஒரு இசை போட்டு, 'அப்பா குடிப்பாரா?' என்று தலைப்பு வைத்துச் சாயங்காலம் வெளியிட்டான். விடிவதற்குள் ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

செவ்வாய் மதியம் நிரப்பிக்கொண்டு போன பிளாஸ்க் மூன்றாவது மாடியில் திறந்தபோது காலி. மகள் இறங்கி வந்தாள். மறுபடி நிரப்பினார்கள், லிஃப்ட் வருவதற்குள் காலி. மூன்றாம் தடவை வந்தபோது பிளாஸ்கை மேஜைமேல் வைத்து, போனில் யாரோ அனுப்பின வீடியோவை அக்காவிடம் நீட்டினாள். அக்கா முழுதாகப் பார்க்கவில்லை. தானும் ஒரு துளி குடித்துவிடுவோம் என்று பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டேய், இங்க வா."

தம்பி வந்தான். "அக்கா, கேளு. கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு பாரு. எல்லாரும் அவருக்காக வேண்டிக்கறாங்க. நம்ம பக்கத்துல இதுவரைக்கும் இப்படி ஒரு அன்பு வந்ததே இல்ல."

"அன்பு பாட்டுக்குக் குடிச்சுட்டுப் போயிடுச்சு. அவரு என்னத்தக் குடிப்பாரு?"

"ஒன்பது லட்சம் பேர் உன்னை நம்பி இருக்காங்க, அக்கா."

"என்னை நம்பி இருக்கறது மூணாவது மாடியில ஒரு ஆளு. ஒரே ஆளு." கரண்டி அவன் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், சரி, அது தப்புதான்..."

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள் மகள். "அது தெரிஞ்சுதானே நீங்க கேட்கல."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது கேட்டது. யாரும் நிமிரவில்லை.

வீடியோவை உடனே நீக்கினான். பிரயோசனமில்லை, அதற்குள் நாற்பது பக்கங்கள் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தன. புது பிளாஸ்க் வாங்கினார்கள், அதுவும் காலியானது. கண்ணாடிப் பாட்டில், மூடிபோட்ட கிண்ணம், கடைசியில் மருந்துக் குப்பி. லேப் பெண் பார்த்துவிட்டு, பாத்திரத்தை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, சனங்களுக்கு வேண்டியது அந்த அப்பாவுக்குப் போகிற சூப், அது எதில் போனாலும் குடிப்பார்கள் என்றாள். அக்காவே மூன்று மாடியும் ஏறி, கரண்டியிலேயே கொண்டுபோய் வாயருகே நீட்டினாள். பெரியவர் வாயைத் திறந்தார். கரண்டி காய்ந்திருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு, குழந்தைக்குச் சமாதானம் சொல்வது போல அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அவள் படியிறங்கி வந்தபோது கடை வாசலில் நின்றவர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் கோபத்தை அவர்கள் முன்பும் பார்த்திருக்கிறார்கள். இது வாய்க்கு வராத கோபம். அன்று அவள் வெட்டின கேரட் எல்லாம் ஒரே அளவில் இருந்தது.

புதன்கிழமையும் பெரியவர் பட்டினி கிடந்தார். வியாழன் காலை அக்கா பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். முந்தின நாள் எச்சில் கிண்ணங்கள் ஊறின தண்ணீர். மேலே கொழுப்பு படர்ந்து, ரொட்டித் துகளும் டீத்தூளும் மிதந்தன. தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஒரு வீடியோ நல்லா ஓடிச்சுன்னா அடுத்து என்னடா போடுவீங்க?"

"பாகம் ரெண்டு."

"முதல் பாகத்தைப் பாத்தவன் எல்லாம் பாப்பானா?"

"எல்லாரும் பாப்பாங்க. அதுக்குத்தானே காத்திருக்காங்க."

அதன்பின் அவள் செய்தது, தம்பி செய்யாத ஒன்று. மாடி ஏறி மகளிடம் போய், உன் பிளாஸ்கை ஒரு தடவை நான் படம் பிடித்துக் காட்டலாமா, இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடு என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் மகள் முதன்முறையாக லேசாகப் பல் தெரியச் சொன்னாள்: "என் கையும் வரட்டும், அக்கா. இந்தத் தடவை நடுங்காது."

அதே மேஜை, அதே கோணம், அதே இசை. தலைப்பைத் தம்பி கையாலேயே எழுத வைத்தாள்: 'அப்பா குடித்தாரா? பாகம் 2.' கரண்டியால் தொட்டித் தண்ணீரை மொண்டு பிளாஸ்கில் ஊற்றினாள். மகள் மூடியைத் திருகினாள். பிறகு அக்கா போனைப் பார்த்து, எந்த ஏமாற்றும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொன்னாள். "இது எங்க கடையில எச்சில் பாத்திரம் கழுவின தண்ணி. இதைப் பாத்தா உங்க வாய்க்குத்தான் வரும். அந்தப் பெரியவரு ரெண்டு நாளா பட்டினி, நீங்க குடிச்சதாலதான். வேண்டாம்னா இப்பவே தள்ளிட்டுப் போயிடுங்க." நிறுத்தி, மூன்று எண்ணுகிற நேரம் காத்திருந்தாள். "போகலையா? அப்ப குடிங்க."

யாரும் தள்ளிவிட்டுப் போகவில்லை. போக வேண்டாம் என்று கெஞ்சின வீடியோக்களைவிட, போ என்று சொன்ன இதைத்தான் கடைசிவரை பார்த்தார்கள். பத்து மணிக்குள் பதினாலு லட்சம் பேர். பிளாஸ்க் காலியாகி, தொட்டி காலியாகி, தொட்டிக்கடியில் வருஷக்கணக்காக அப்பியிருந்த கறையும் போய்த் தகரம் பளிச்சென்று தெரிந்தது. கீழே ஒருவர், "வாய் கொப்பளிச்சிட்டு வரேன்" என்று எழுதினார். நாற்பது பக்கங்களும் பழைய வீடியோவை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன. பிளாஸ்கைக் கண்டாலே குமட்டுகிறது என்று அதைப் பார்ப்பவர் குறைந்துபோயிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு மகள் சூப்போடு மாடி ஏறினாள். பிளாஸ்க் கனமாகவே இருந்தது. பெரியவர் அரை லிட்டரையும் ஒன்றேகால் மணி நேரத்தில் குடித்து முடித்தார். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து, காலிப் பிளாஸ்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, குழாய் வேண்டாம் என்று எழுதினார். பத்தொன்பது நாளில் பெரியவர் வீட்டுக்குப் போனார். போகும்போது கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்தபடியே ஒரு முட்டையும் சாப்பிட்டார்.

சூப் பொடிக் கம்பெனி மறுபடி பேசவில்லை. தம்பியோடு அக்கா ஒரு வருஷம் நேராகப் பேசவில்லை; ஆர்டர் எழுதுகிற துண்டுத் தாளில் எழுதி நீட்டுவாள், அவன் படித்துச் செய்வான். முக்காலியை அவள் தூக்கிப் போடவில்லை. அதைப் பின்கட்டில், தொட்டியைப் பார்த்து நிரந்தரமாக நிறுத்திவிட்டாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எச்சில் கிண்ணங்கள் ஊறுவது நேரலையாகப் போகிறது. என்னவென்று தெரிந்தே ஆறு லட்சம் பேர் தவறாமல் வருகிறார்கள். நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்று எழுதுகிறவர்கள் உண்டு. மழைக்காலத்துக்கு முன் சாக்கடை பரிசோதிக்க வந்த ஊழியர், அந்தக் கடையின் கழிவுக் குழாய் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து, உள்ளே சிலந்தி வலை கட்டியிருப்பதைப் பார்த்தார். காரணம் கேட்டார், சொன்னார்கள். 'கழிவுநீர்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு கோகோ கேட்டு உட்கார்ந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். அக்கா கரண்டியை நீட்டி அவரைக் கடைசியில் போய் நிற்கச் சொன்னாள்.