உயர்த்திய டிரெய்லர்

யாக்கோபு ஓட்டிய ஜீப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வீடே போகும். ராமநாதபுரம் மிஷன் ஆஸ்பத்திரியின் டிரெய்லர் அது. உள்ளே கட்டில், மருந்து அலமாரி எல்லாம் உண்டு. மழைக்காலத்தில் திருப்பாலைக்குடிப் பாதையில் அதன் அடிப்பலகை சேற்றில் உரசி நின்றுவிடும். நாலு பேர் தள்ளுவார்கள், நாற்பது பேர் சிரிப்பார்கள். யாக்கோபு ரோஷக்காரன். ஐப்பசி பிறந்ததும் வண்டி ஆசாரி மலையாண்டியிடம் அதை ஓட்டிக்கொண்டு போனான்.

மலையாண்டி கெட்டிக்காரன்தான். ஆனால் மாட்டு வண்டியைத் தவிர வேறெதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ளாதவன். அச்சின் மேல் கருவேலங்கட்டை வைத்து டிரெய்லரை ஒன்றரைச் சாண் தூக்கினான். தூக்கியதும் அதன் முன்பக்கம் குனிந்து ஜீப்பை அழுத்தியது.

"நுகத்தடி மாட்டுக் கழுத்த அமுக்குனா என்னலே செய்வோம்? பாரத்தப் பின்னால தள்ளுவோம். இதுக்கும் அதேதான்," என்றான் மலையாண்டி.

அலமாரியும் கட்டிலும் பின்கோடிக்குப் போயின. ஜீப்பில் மாட்டும் கொக்கி லேசாகிவிட்டது. ஒற்றைக் கையால் அதைத் தூக்கி மாட்டிய யாக்கோபுக்குத் தலைகால் புரியவில்லை; ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஜீப்புக்கு ஏது கழுத்து என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்னால் பாரம் அழுத்தினால்தான் டிரெய்லர் அடங்கி வரும் என்று இருவருக்குமே தெரியாது.

கார்த்திகையில் ஒரு நாள் காலை யாக்கோபின் மனைவி லீமாரோசுக்கு வலி எடுத்தது. இரண்டு பிள்ளைகளைக் குறைமாதத்தில் பறிகொடுத்தவள் அவள். இது மாதம் நிறைந்த பிள்ளை. மருத்துவச்சி கருத்தம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"புள்ள குறுக்க கெடக்குப்பா. உசுரோடதான் இருக்கு. வெரசா ராமநாதபுரம் கொண்டு போயிரணும்."

லீமாரோசை டிரெய்லர் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கருத்தம்மாள் கூடவே உட்கார்ந்துகொண்டாள். கடலிலிருந்து வீசிய வாடைக்காற்று பாதைக்குக் குறுக்கே அடித்தது. தேவிபட்டினம் நெருங்கும்போது ஸ்டியரிங் அவன் கையை மீறி இழுத்தது. யாக்கோபு ஜீப்பை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினான்.

"ஏங்க, நான் முன்னால வந்து உக்காந்துக்கிறேன்," என்றாள் லீமாரோஸ். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கியடிக்குது. பயமாருக்கு."

அவளை முன்னால் ஏற்றியிருக்கலாம். டிரெய்லரை அங்கேயே கழற்றி விட்டிருக்கலாம். ஆனால் நேற்றுவரை ஊரெல்லாம் பீற்றிய வாய் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"காத்துதான் புள்ள. நான் கூட நின்னு செய்ய வச்ச வண்டி, ஒண்ணும் ஆகாது. கண்ண மூடிப் படு."

போன நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினான். ஆட்டமும் கூடியது. ஜீப்பின் பின்புறம் இருமுறை தூக்கிப் போட்டது. அதன்பின் எல்லாம் அடங்கிவிட்டது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது, ஜீப் சுகமாக ஓடியது. "மாதாவே, காப்பாத்திட்டே" என்று சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

பின்னால் வெறும் ரோடு.

கொக்கி துள்ளிக் கழன்று, டிரெய்லர் உருண்டு, ரோட்டோரப் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. யாக்கோபு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு விரைந்தான். கதவு அடியில் மாட்டியிருந்தது. ஜாக்கிக் கம்பியால் கூரைப் பலகையைப் பெயர்த்து இருவரையும் வெளியே இழுத்தான். கருத்தம்மாளுக்கு நெற்றி பிளந்திருந்தது. லீமாரோசுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வழியும் ரத்தத்தைத் துடைக்காமலே கருத்தம்மாள் அவள் வயிற்றில் கை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் மாற்றி வைத்தாள்.

"அசையுதா அத்த?" என்றாள் லீமாரோஸ்.

கருத்தம்மாள் யாக்கோபைப் பார்த்தாள்.