பின்னால் சுற்றிய செக்கு

காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் ஆலை வைத்திருக்கும் மனோஜ்குமாருக்குக் கோயமுத்தூர் மண்டபங்களில் 'கிரிப்டோ வேந்தர்' என்று பட்டம். பொன்னாடை விழுந்ததும் அவர் எடுப்பது செக்குப் பேச்சுத்தான். கொப்பரையைப் போட்டால் எண்ணெய் வரும், எண்ணெயைப் போட்டால் கொப்பரை வருமா? பிட்காயினைக் காக்கும் ஹாஷ் கணக்கும் அப்படி ஒருவழிப் பாதை, சூரியன் அவிந்தாலும் உடையாது என்பார். கைதட்டல் அடங்க நேரமாகும்.

அது உடைய வேண்டுமென்று அவர் குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்திருந்தது வேறு யாருக்கும் தெரியாது.

சேர்த்த காயினையெல்லாம் திறக்கும் ரகசியச் சொற்களை அவர் காகிதத்தில் எழுதவில்லை, போனில் ஏற்றவில்லை. இரண்டையும் திருடலாம் என்று மேடையில் எச்சரிப்பவரே அவர்தான். ஆலைக் கிடங்கின் உள்சுவரில் பென்சிலால் எழுதிவைத்தார். சுவரை எவன் தூக்கிக்கொண்டு போவான்? பொங்கல் வந்தது. வாசலில் வேப்பிலைக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் மனைவி கீதா, வீட்டோடு சேர்த்துக் கிடங்குக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். வெளியே சொன்னால் பட்டம் என்னாவது? அந்தக் கணக்கே உடைந்தால்தான் இனிக் காயின் கைக்கு வரும்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொப்பரைக் களத்தோரம் கண்ணயர்ந்தால் ஒரே கனவு. கடல் கடந்து ஒரு குவாண்டம் கணினி வருகிறது, பனிக்கட்டி போல நீலமாய். அது தொட்டதும் செக்கு பின்னால் சுற்றுகிறது. எண்ணெய் மேலேறிக் கொப்பரையாகிறது. மூடிகள் வாய் சேர்ந்து தேங்காயாகி, ஆடி ஆடி மிதந்து மரமேறுகின்றன. குலையிலிருந்து அவருடைய சொற்கள் ஒவ்வொன்றாக மடியில் உதிர்கின்றன. கடைசிச் சொல் விழுமுன் எவனாவது லாரி ஹாரனை அடித்துவிடுவான்.

போன வாரக் கூட்டத்தில் ரம்லா என்ற கல்லூரி ஆசிரியை எழுந்தார். உடையவே உடையாது என்று சத்தியம் செய்யப்பட்ட பழைய ஹாஷ் கணக்குகள் சில ஏற்கெனவே உடைந்து மூலையில் கிடக்கின்றன, இதற்கும் ஒரு காலம் வரும் என்றார். மண்டபம் வேந்தரின் மறுப்புக்குக் காத்திருந்தது.

"எப்பங்க உடையும்?" என்றார் மனோஜ்குமார். பிள்ளை வரம் கேட்கிற குரல்.

முன்வரிசை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"பயப்படாதீங்க சார். குவாண்டம் வந்தாலும் வலு பாதியாத்தான் குறையுமாம். மிச்சப் பாதியே உங்க காலத்துக்குத் தாங்குமுங்க" என்றார் ரம்லா.

பலத்த கைதட்டல். இன்னொரு பொன்னாடை.

ஊர் திரும்பியவர் அந்தப் பொன்னாடையோடே கிடங்குக்குள் போய், கொப்பரை தோண்டும் கத்தியால் சுவரைச் சுரண்டினார். சாயங்கால வெயிலில் வெள்ளைத் தூள் அவசரமில்லாமல் மிதந்தது. அடியில் செங்கல்தான் தெரிந்தது.

காப்பியோடு வந்த கீதா, "சொவத்துல என்னங்க தேடறீங்க?" என்றாள்.

சுண்ணாம்பு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

"அதுல சந்தேகமே வேண்டாமுங்க. யாரோ என்னத்தையோ கிறுக்கி வெச்சிருந்தாங்க. நல்லாத் தேய்ச்சுக் கழுவிப்போட்டுத்தான் அடிச்சேன். சூரியன் அவிஞ்சாலும் அது திரும்பி வராதுங்க."

மனோஜ்குமார் பொன்னாடையைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.