கிணற்றில் கலந்த பச்சை

பந்தக்கால் நட இடம் பார்த்துத் தணிகாசலம் வாசலில் கடப்பாரையால் குத்தினான். முழங்கை ஆழத்திலேயே தண்ணீர் சுரந்தது. "கால் நடறியா, கெணறு வெட்றியா மாப்ள?" என்று கேட்டுவிட்டுப் போனார் எதிர்வீட்டுக்காரர். தெருவில் நாலு பேர் சிரித்தார்கள். அவன் கட்டிக்கொள்ளப்போகிற தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் மண்ணே இப்படி என்றால் உள்ளே தறிக்குழி எந்தக் கதியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய அப்பா கோதண்டபாணி பந்தக்கால் நட வருவார். வந்ததும் முதலில் தறியைத்தான் பார்ப்பார்.

அறுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி அது. பிள்ளையார்பாளையத்தில் பன்னிரண்டு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

தணிகாசலத்துக்குத் தாய் தகப்பன் இல்லை. அடுத்தவர் வீட்டுத் தறியில் நெய்து வளர்ந்தவன். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, சித்திரை வெயிலில், இந்த வீட்டைப் பிடித்தான். ஓடு சரிந்து, சுவர்க் காரை உதிர்ந்து கிடந்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூரையேறி ஓடு மாற்றுவான். தேவகி கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். சுண்ணாம்பு கரைத்துச் சுவருக்கு அடித்தது அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் தனியாக இருந்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அக்கா வடிவு கூடவே வந்து வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள்.

சித்திரையில் தறிக்குழி வெட்டியபோது மண் பாறையாக இருந்தது. மூன்றடி ஆழம் வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. "இந்த மண்ணுல ஒரு சொட்டு ஈரம் இல்ல, பாரு" என்று அவன் பெருமையாகச் சொன்னான். கோடையில் வெட்டிய குழியை மழைக்காலத்துக் குழியாக நினைத்ததுதான் அவர்கள் செய்த தப்பு.

குழித்தறியின் ஏற்பாடு எளிமையானது. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட வேண்டும். உள்ளே இரண்டு மிதிபலகைகள். ஒன்றை மிதித்தால் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலில் பாதி மேலே எழும்பும், பாதி கீழே இறங்கும். நடுவில் ஒரு வாய் திறக்கும். அந்த வாய்க்குள் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். அடுத்ததை மிதித்தால் மேலே இருந்தது கீழே போகும். தறியை இப்படித் தரையோடு தரையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மண்ணிலிருந்து குளிர்ச்சி ஏறிக்கொண்டே இருந்தால்தான் பட்டு காய்ந்து அறாமல் இருக்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சி தண்ணீராகவே ஏறிவிட்டால் வேலை நின்றது. மிதிபலகையில் கட்டிய கயிறு நனைந்தால் சுருங்கும். அரை விரற்கடை சுருங்கினாலே போதும், வாய் கோணலாகத் திறக்கும். நாடா வழி தெரியாமல் நூலையே குத்தி அறுக்கும்.

இப்போது மிதிபலகைகள் கண்ணுக்கே தெரியவில்லை. கலங்கிய தண்ணீர் அவற்றுக்கு மேலே ஒரு சாண் நின்றது.

கோதண்டபாணி பட்டுக்குச் சாயம் போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் வடிவை ஒரு வீட்டில் கொடுத்தார். கல்யாணத்தன்று அந்த வீட்டுத் தறியில் பாவு இருந்தது. ஆறு மாதத்தில் மாப்பிள்ளை தறியைப் பிரித்து அடுப்புக்குப் போட்டுவிட்டான். ஒரு தகரப் பெட்டியோடு வடிவு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவருக்குத் தறி ஓடாமல் நிற்கிற வீடு என்றால் ஆகாது. தணிகாசலத்திடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தறி ஓடுற வூட்லதான் நான் பந்தக்கால் நடுவேன். ஓடலன்னா காலத் திருப்பி எடுத்துக்கினு பூடுவேன். மனசுல வச்சுக்க."

பத்திரிகை அச்சாகி நாலு மூலையிலும் மஞ்சள் தடவியாகிவிட்டது. கார்த்திகை ஐந்தாம் தேதி முகூர்த்தம்.

செவ்வாய் முழுக்க இருவரும் வாளியால் குழியை மொண்டு கொல்லையில் ஊற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பழைய அளவுக்கே வந்து நின்றது. புதன்கிழமை காலையிலும் அதே கதை. தணிகாசலம் வாளியைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஒங்க நைனா கையில கால்ல வுழுந்து கேட்டுப் பாக்கட்டா? தை மாசம் வரைக்கும் டைம் குடுங்க மாமான்னு?"

"தையில தறி ஓடும். கல்யாணம் ஓடாது," என்றாள் தேவகி. "இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"இன்னா கேள்வி இது. அடியிலேர்ந்துதான்."

"அடின்னா? கெணத்துலேர்ந்தா, இல்ல கூரத் தண்ணி பின்சுவரோரம் கொட்டுதே, அங்கேர்ந்தா?"

"எங்கேர்ந்து வந்தா இன்னா? ரெண்டும் தண்ணிதானே."

"கூரத் தண்ணின்னா ஒரு தகரத்த வளைச்சு வச்சு அந்தாண்ட திருப்பி வுட்டுடலாம். கெணத்துத் தண்ணின்னா..."

அவள் முடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் என்றால் அது ஊருக்கே அடியில் ஊறும் தண்ணீர். மழை நின்று ஏரி குளமெல்லாம் வடிந்த பிறகுதான் இறங்கும்.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய் அப்பாவின் சாயப் பெட்டியிலிருந்து இரண்டு பொட்டலங்களைச் சேலை மடிப்பில் சொருகி எடுத்துவந்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கொதிக்கவைக்காமலேயே பட்டைப் பிடிக்கிற ரகம். கூடவே ஒரு பிடி வெள்ளைப் பட்டு நூல். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் சிவப்பைத் தூவினாள். பச்சையைக் கிணற்றில் போட்டாள். வெள்ளை நூலை ஒரு குச்சியில் கட்டிக் குழித் தண்ணீரில் தொங்கவிட்டாள். கலங்கல் தண்ணீரில் லேசான நிறம் மனிதர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பட்டு அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த நிறம் நூலில் ஏறுகிறதோ அந்த வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. இது அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வெள்ளை நூல் சிட்டத்தைப் பச்சைச் சாயத்துக்குப் பக்கத்தில் வைத்தாலே அப்பா திட்டுவார், அதிலிருந்து வந்த யோசனை.

கிணற்றுக்கு ஒரு சிட்டிகை போதும் என்றுதான் நினைத்தாள். ஈரக் கையில் பொட்டலம் வழுக்கி முக்கால்வாசி விழுந்துவிட்டது.

வியாழன் காலையில் குச்சியைத் தூக்கிப் பார்த்தாள். வெற்றிலைக் கொழுந்துபோல நூல் பச்சையாக இருந்தது. சிவப்பு துளிகூட இல்லை.

"இன்னாடி சொல்லுது?" என்றாள் வடிவு.

"பச்ச."

தணிகாசலம் தறியின் பக்கத்தில் நின்று பாவைத் தடவிப் பார்த்தான். தன்னுடையது என்று அவன் கட்டிய முதல் பாவு. "நான் போய் மாமா கிட்ட இப்பவே சொல்லிட்டு வந்துடறேன்," என்றான். "நாளைக்கு நாலு பேர் எதுர்ல அந்த மனுசன் காலத் திருப்பி எடுத்துக்கினு போறத நான் பாக்க முடியாது." சட்டையை எடுத்து மாட்டினான். தகரப் பெட்டி வைத்திருக்கும் மூலையில், வடிவின் பாய்க்குப் பக்கத்தில், தன் பாயும் விரித்துக் கிடப்பது தேவகியின் கண்முன்னால் வந்து நின்றது.

அப்போது கொல்லைப்புறத்தில் ஒரு சத்தம். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. குடிக்கத் தெருக்குழாய், குளிக்க, துவைக்க இந்தக் கிணறு. நடுவில் குட்டிச்சுவர். சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அங்கம்மாள் ஒரு வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது பச்சையாக இருந்தது.

"தேவகி, இத இன்னான்னு கேளு. வெள்ள வேட்டி. எங்க வூட்டுக்காரரு இதக் கட்டிக்கினு தெருவுல போனா கிளின்னு நெனச்சுப் பழம் குடுப்பாங்க."

தேவகி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அங்கம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாக இருந்தது.

"கெணத்துல சாயத்தக் கொட்டிட்டுத் தண்ணி எங்க போவுதுன்னு பாத்தியா? நல்லா பாத்த. இப்ப எறைச்சுப் போடு. தர தெரியற வரைக்கும் எறைக்கணும். நாளைக்கு ஒங்க நைனா வராரோ, நவாபு வராரோ, எனக்குத் தெரியாது."

"சரிக்கா."

"எங் கீரப் பாத்தில ஒரு சொட்டு ஊத்தாத. தெருக் கால்வாயில கொண்டுபோயி கொட்டு."

தணிகாசலம் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தான். இப்போதே போய்ச் சொல்வதும் சாயங்காலம் சொல்வதும் ஒன்றுதான். அக்கம்பக்கத்துக் கோபத்தையாவது தீர்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கலாம். கிணற்றின் இந்தப் பக்கத்து ராட்டினத்தில் அவன் நின்றான். அந்தப் பக்கத்து ராட்டினத்தில் அங்கம்மாளின் கணவர் கண்ணாயிரம் வந்து நின்றார். "என் வேட்டிக்கு நானே எறைக்கணும், எந்தூரு நாயம்ப்பா இது?" என்று சொன்னாலும் கயிற்றை விடவில்லை. தேவகியும் அங்கம்மாளும் குடங்களைத் தெருவுக்குச் சுமந்தார்கள். ஒரு குடம், பத்துக் குடம், நூறு குடம். பச்சைத் தண்ணீர் கால்வாயில் இறங்கித் தெருக்கோடி திரும்பிப் போயிற்று. தேவகி ராட்டினத்துக்கு மாறியபோது கயிறு உள்ளங்கையை உரித்தது. வலி இருந்தது நல்லதாகப் போயிற்று, வெள்ளிக்கிழமையை நினைக்கவிடவில்லை.

மூன்று மணி இருக்கும். வடிவு உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"குழிய யாராவது மொண்டீங்களா?"

"இல்லியே."

"அப்ப வந்து பாருங்க."

குழியின் பக்கச் சுவரில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிதிபலகையின் ஒரு மூலை சேற்றிலிருந்து தலைகாட்டியது.

தேவகி குழி விளிம்பில் உட்கார்ந்தாள். இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கிணறும் குழியும் பூமிக்கு அடியில் கைகோத்துக் கிடக்கின்றன. குழியை மொண்டபோதெல்லாம் குழி தாழ்ந்தது, கிணறு உயரத்தில் இருந்தது. அதனால் கிணறு குழிக்குள் வந்தது. கொல்லையில் ஊற்றிய தண்ணீரும் இறங்கி அதோடு சேர்ந்துகொண்டது. இன்று கிணறு தாழ்ந்திருக்கிறது. குழி கிணற்றுக்குள் போகிறது. பச்சை நூல் சொன்னது கெட்ட சேதி என்று காலையில் நினைத்தாள். வழி இருக்கிறது என்றுதான் அது சொல்லியிருக்கிறது. வந்த வழியில் போகவும் முடியும்.

"நிறுத்தாதீங்க," என்றாள். "கெணத்த விட்டுடாதீங்க."

இருட்டும்வரை இறைத்தார்கள். குழியில் சேறு மட்டும் மிஞ்சியது. வடிவு ஒரு சட்டியில் கரி நெருப்புப் போட்டுக் குழிக்குள் இறக்கிக் கயிறுகளைக் காயவைத்தாள். கண்ணாயிரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். கிணற்றில் இன்னும் பச்சை மிச்சம் இருந்தது, தரை தெரியவில்லை. விடியற்காலையில் எல்லாரும் மறுபடி வந்தபோது தண்ணீர் ஊறி மிதிபலகையை மூடியிருந்தது. மறுபடி ராட்டினம், மறுபடி கரி நெருப்பு.

எட்டரை மணிக்குக் கோதண்டபாணி மூங்கில்காலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் பூசி மாவிலை கட்டிய கால். அதை வாசற்சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். தணிகாசலம் தறியில் இருந்தான். கணுக்கால் வரை சேறு. நாடா ஓடியது, நின்றது. அறுந்த நூலை முடிந்தான், மறுபடி ஓடியது. அவன் நெற்றி வியர்வை பட்டில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டான்.

"ஓடுது மாமா," என்றான்.

கோதண்டபாணி காது கொடுத்துக் கேட்டார். நாடாவின் சத்தத்தை அல்ல. "கொல்லையில இன்னா அது, ராட்டினம் கத்துது?"

பின்னால் போனார். இரண்டு மகள்களும் எதிரெதிரே நின்று இறைத்துக்கொண்டிருந்தார்கள். தேவகியின் கையில் துணி சுற்றியிருந்தது. துணியிலும் பச்சை.

"நிறுத்து," என்றார்.

நிறுத்தினார்கள். அவர் உள்ளே போய்க் குழியின் ஓரம் குந்தினார். மகள்கள் பின்னாலேயே வந்து நின்றார்கள். தணிகாசலம் நெய்துகொண்டே இருந்தான். நிறுத்தத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குழியடியில் ஒரு பளபளப்பு பரவியது. மெல்ல மெல்ல அது அவன் குதிகாலை மூடியது.

"எவ்ளோ நேரத்துக்குத் தாங்கும்?"

"எறைக்கலன்னா ரெண்டு மணி நேரம் நைனா," என்றாள் தேவகி.

"வருசா வருசம்?"

"மழ மாசம் மட்டும்."

"யார் எறைப்பா?"

"நான்."

அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். மூங்கில்காலில் கை வைத்தார். தேவகியும் வடிவும் வாசலுக்கு ஓடினார்கள்.

வடிவுதான் பேசினாள். அப்பாவிடம் அவள் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. "நைனா, என் வூட்டுத் தறி தண்ணியால நிக்கல. அத நிறுத்தினவன் ஒரு நாள் ஒரு குடம் எறைச்சவன் இல்ல. இவரு சேத்துக் காலப் பாத்தியா நீ?"

கோதண்டபாணி கையை எடுக்காமல் நின்றார். தெருக் கால்வாயில் பச்சைத் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது. தன் சாயம் அது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். குனிந்து, வாசலில் நின்ற குடத்திலிருந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். சாயக்காரர்கள் எந்தத் தண்ணீரையும் அப்படித்தான் சோதிப்பார்கள். உப்புத் தண்ணீரில் பட்டு அலசினால் மினுமினுப்புப் போய்விடும்.

"உப்பு இல்ல," என்றார். துப்பினார். நாக்கு பச்சையாக இருந்தது. "நம்ம வூட்டுக் கெணத்துக்கு இது எவ்ளோவோ மேல். பச்ச வடிஞ்சதும் சிட்டம் அலசுற வேலைய இங்க வச்சுக்கறேன். அதுக்குத் தெனம் நூறு கொடம் எறைச்சுத்தானே ஆவணும். பக்கத்து வூட்டுப் பொம்பளகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்க."

"அப்ப எதுக்கு நைனா காலு நடாம நின்னுக்கினு இருக்கே?" என்றாள் வடிவு.

"கால் நடற குழியிலயும் தண்ணி நிக்குதேம்மா. மொதல்ல கெணத்த எறைங்க, நட்டுடறேன்."

தேவகி கிணற்றடிக்கு ஓடினாள். உள்ளே நாடா நின்று, நூல் முடிந்து, மறுபடி ஓடியது. கையைக் கயிற்றில் வைத்தாள், விரல் மடங்கவில்லை. வடிவு கயிற்றை வாங்கிக்கொண்டாள். தேவகி குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.