வெயிலுக்கு முன்பணம்

காலை வெயிலின் விலை எட்டு லட்சம். எல்லா வெயிலுக்கும் அல்ல. பாத்திரக்கடை முதலாளியின் பின்பக்கத் தோட்டத்தைத் தாண்டி, வேலிமேல் ஏறி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் சாப்பாட்டு மேஜையில் வந்து விழுகிற துண்டுக்கு மட்டும். விலையைச் சொன்னவர் டாக்டர். முதலாளி தன் வீட்டுக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு சின்ன வீடு கட்ட அனுமதி கேட்டிருக்கிறார் என்று கட்டட அலுவலகத்து நோட்டீஸ் வந்த அன்றே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, வாயிலிருந்து பிரஷை எடுக்காமலே சொன்னார்.

"எட்டு லட்சத்தை வச்சுட்டு எவ்வளவு வேணும்னாலும் மறைச்சுக்கோங்க முதலாளி. இல்லைன்னா கடப்பாரையைக் கீழ போட்டுட்டு உள்ள போங்க."

அது வசவு. காது இருக்கிற யாருக்கும் அது வசவென்று புரிந்திருக்கும். முதலாளியின் காதில் எண் மட்டும்தான் விழுந்தது.

"நாலு," என்றார்.

கடைத்தெருவில் அவருக்கு 'பாதி' என்று பெயர். எதிராளி என்ன விலை சொன்னாலும், புத்தி விழித்துக்கொள்வதற்கு முன் வாய் பாதியைச் சொல்லிவிடும். சொந்தக் கடையில் நியாய விலையை இரட்டிப்பாக்கிச் சொல்வதும் அதே வாய்தான். பழைய நாட்களில் இதே டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்து, வாயில் பஞ்சும் இடுக்கியுமாக, ஒரு பல்லுக்குச் சொன்ன கூலியில் இரண்டைப் பிடுங்கச் சொல்லி விரலைக் காட்டியவர். டாக்டர் தொழிலை விட்டு ஓய்வெடுத்துவிட்டார். அவருடைய கோபம் ஓய்வெடுக்கவில்லை.

வீடு கட்டுவது அக்காவுக்காக. பாசத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா போகும்போது வீட்டையும் மனையையும் அக்கா தம்பி இருவர் பேரிலும் சரிபாதியாக எழுதிவிட்டுப் போனார். அக்கா தன் தையல் கடையை விற்றுவிட்டு, இரண்டு மெஷினோடும் ஒரு கட்டிலோடும் தன் பாதிக்குள் வந்து இறங்கினாள். அவள் வந்த வாரமே சமையலறை போர்க்களமானது.

அடுப்பு ஒன்று. அதில் பர்னர் இரண்டு. இடதுபுறம் தம்பி மனைவிக்கு, வலதுபுறம் அக்காவுக்கு என்று பங்கு பிரிந்தது. சின்ன பர்னர் தன் தலையில் கட்டப்பட்டதாக இருவருமே நம்பினார்கள். ஒருத்தி பால் வைத்துவிட்டுத் திரும்பினால் மற்றவள் நெருப்பைக் குறைப்பாள். காஸ் மிச்சமாம். உப்பு ஜாடிக்கு மூடி வந்தது, பிறகு மூடிக்குப் பூட்டு வந்தது. இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டு, ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு முதலாளியின் வழியாகப் பேசினார்கள்.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க, நான் கழுவி வச்ச பாத்திரத்தை மறுபடி கழுவ வேணாம்னு. என் கையில குஷ்டம் இல்ல."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா, அவ கழுவினதுன்னு தெரியலை. கழுவாததுன்னு நினைச்சேன்."

நடுவில் தட்டோடு உட்கார்ந்திருப்பவர் எதையும் யாரிடமும் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் அக்கா வழக்கத்தை மாற்றி நேராகவே பேசினாள்.

"தனிக் கதவு, தனி அடுப்பு. மனையில பின்னால இடம் கிடக்கு. கட்டு. கட்டமாட்டேன்னா மொத்தத்தையும் வித்துட்டு என் பாதியைக் கையில குடு."

"பாதியா," என்றார் தம்பி. "கால் பங்குக்குப் பேசலாமா?"

அக்கா சிரிக்கவில்லை. அவள் விற்றுவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். தையல் கடையை விற்றபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தவள். விற்றால் இந்தத் தெருவில் அவருக்குக் கிடைக்கும் பாதிப் பணத்துக்கு ஒரு வாசற்படியும் வராது. எனவே வரைபடம் போடுகிற இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

இன்ஜினியர் மெலிந்த மனிதர், பேச்சிலும் சிக்கனம். டேப்பை நீட்டி அளந்துவிட்டு விதியைச் சொன்னார். குடியிருப்பு மனையில் இரண்டாவது வீடு கட்டலாம். வேலியிலிருந்து நாலு அடி தள்ளி இருக்கவேண்டும். உயரம் பதினாறு அடியைத் தாண்டக்கூடாது. இரண்டு வீட்டில் ஒன்றிலாவது சொந்தக்காரர் குடியிருக்கவேண்டும். இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக விற்க முடியாது.

"நாலு அடி எதுக்கு? ரெண்டரை போடுங்க. அவங்க மூணரைன்னு வருவாங்க, மூணுல முடிச்சுக்கலாம்."

"அது அளவு சார். விலை இல்ல."

"எல்லாம் விலைதான் தம்பி."

இன்ஜினியர் நாலு அடியே போட்டார். உயரம் பன்னிரண்டு அடிதான். நிழல் எந்த மாதத்தில் எதுவரை போகும் என்று தனியாக ஒரு படமும் வரைந்தார். எந்த மாதத்திலும் அது டாக்டரின் ஜன்னலைத் தொடவில்லை. 'பக்கத்து வீட்டு வெளிச்சத்துக்கு இடையூறு இல்லை' என்ற உறுதிமொழியில் முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்:

"பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் நமக்குத் தேவையே இல்ல சார். நோட்டீஸ் போகும். கத்துவார். கத்தட்டும். நீங்க மட்டும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க."

பேசாதே என்று சொல்லியிருக்கலாம். விலை சொல்லப்பட்ட பிறகு பேசாதே என்றால் அந்த வீட்டில் யாருக்கும் அது விளங்காது. சொன்ன விலையை அப்படியே விட்டுவிட்டுப் போவது, அந்த வியாபாரக் குடும்பத்தின் கணக்கில், பேசியவன் முகத்தில் கதவை அறைவதற்குச் சமம்.

ஆகவே நோட்டீஸ் வந்து டாக்டர் எட்டு சொன்னதற்கு மறுநாள் காலையும் முதலாளி வேலியோரம் போய் நின்றார்.

"நாலுன்னு சொன்னேனே டாக்டரே. யோசிச்சீங்களா?"

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். பைத்தியமா, பணமா என்று அந்தப் பார்வை எடை போட்டது. பிறகு பிரஷைக் குவளையில் போட்டுவிட்டு நிதானமாக, "ஏழரை," என்றார்.

அன்று தொடங்கியது. தினமும் டாக்டர் துண்டோடு வருவார், முதலாளி தேநீரோடு வருவார். வெயில் மத்தியில் வந்து நிற்கும்.

"வருஷத்துல பாதி நாள் மேகம். அந்த நாளுக்கெல்லாம் நான் ஏன் குடுக்கணும்?"

"மேகத்துக்கு நான் காசு வாங்கலை. அது இனாம்."

"உங்களுக்கோ வயசாச்சு. இன்னும் எத்தனை வருஷம் இந்த வெயில்ல உட்காரப் போறீங்க?"

"உங்களை அனுப்பிட்டுத்தான் எழுந்திருப்பேன் முதலாளி."

"என் தோட்டம் வழியா வர்ற வெயில் அது. இத்தனை வருஷம் வழிக்கூலி கேட்டேனா?"

மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, உங்க தம்பி சூரியனை விலைக்கு வாங்கறார்னு," என்றாள். அக்கா ஊசியில் நூல் கோத்தபடி, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அதையும் பாதிக்குத்தான் வாங்குவான்னு," என்றாள். ஒரு விஷயத்திலாவது இருவரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

பேரம் ஒன்றே முக்காலில் படிந்தது. முதலாளிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. எட்டில் ஆரம்பித்தது ஒன்றே முக்காலில் நிற்கிறது. ஆறே கால் லட்சம் லாபம். ஒரு காசும் தரவேண்டியதில்லை என்கிற இன்ஜினியரின் கணக்கு அவருக்கு லாபமாகவே படவில்லை. பேசாமல் கிடைப்பது என்ன லாபம்?

பேச்சு முடிந்தால் முன்பணம் கொடுத்து உறுதி செய்வது கடை வழக்கம். கவரின்மேல் சரக்கின் பெயரை எழுதித்தான் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பணம் எதற்கு என்று நாளைக்குத் தகராறு வரும். முதலாளி உள்ளே போய் ஒரு கவரில் ஐயாயிரம் போட்டு, கை பழகிய எழுத்தில் மேலே எழுதினார்: 'வெயிலுக்கு முன்பணம்.' கீழே கையெழுத்து, கடை முத்திரை.

டாக்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முதல் தடவையாகச் சிரித்தார். பல்லெல்லாம் சொந்தப் பல்.

விசாரணை கட்டட அலுவலகத்தின் மாடியில், குழல் விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிகிற அறையில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி அம்மா. நீண்ட நாட்களாக மனிதர்களைவிட வரைபடங்களையே நம்பிப் பழகிய முகம். முதலாளி, அக்கா, இன்ஜினியர் ஒரு பக்கம். டாக்டர் தனியாக மறுபக்கம், மடியில் ஒரு கோப்பு. மனைவி வரவில்லை. அடுப்பு முழுவதும் அன்று அவளுக்கு.

இன்ஜினியர் நிழல் படத்தை விரித்து விளக்கினார். அதிகாரி தலையாட்டினார். பேனாவும் எடுத்துவிட்டார். அப்போது டாக்டர் எழுந்து கவரை மேஜைமேல் வைத்தார்.

அதிகாரி அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். இன்ஜினியர் எட்டிப் பார்த்துவிட்டு, டேப்பைச் சுற்றுகிற மாதிரி மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"வெளிச்சத்துக்கு இடையூறு இல்லைன்னு உறுதிமொழி குடுத்திருக்கீங்க. அப்புறம் எதுக்குப் பணம்?"

"அவர் விலை சொன்னார்."

"விலை சொன்னா?"

"பாதி கேட்கணும்."

அதிகாரி இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் கூரையைப் பார்த்தார்.

"நிழல் ஜன்னலைத் தொடாதுன்னு படம் சொல்லுது," என்றார் அதிகாரி. "தொடும்னு நீங்களே முத்திரை வச்சுக் காசு குடுத்திருக்கீங்க. படம் பொய்யா, உறுதிமொழி பொய்யான்னு நான் உட்கார்ந்து ஆராய முடியாது. விண்ணப்பத்தை மூடறேன். அடுத்த விண்ணப்பம் ஒரு வருஷம் கழிச்சுத்தான்."

"ஆறு மாசம்னு வச்சுக்கலாமே."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அந்த மாடியிலேயே, அத்தனை பேர் முன்னால், குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"தையக்கடையில எத்தனையோ பேரு அளவு குடுக்கும்போது வயித்தை உள்ள இழுத்துக்குவாங்க. அப்புறம் பட்டன் போடமாட்டேங்குதுன்னு வருவாங்க. உன்னைமாதிரி ஒருத்தனை நான் பார்த்ததில்லடா. இல்லாத நஷ்டத்துக்குப் பேரம் பேசி நஷ்டத்தை உண்டு பண்ணியிருக்க. ஒரு வருஷம் அந்தப் பர்னர் முன்னால நிக்கமாட்டேன். நாளைக்கே தரகரைக் கூப்பிடறேன்."

"அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"பேசினதெல்லாம் போதும்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "விக்கறதா இருந்தா எனக்குச் சொல்லுங்க. பாதி விலைக்கு எடுத்துக்கறேன்."

கோப்பை மூடப் போன அதிகாரி கையை நிறுத்தி, வரைபடத்தின் ஓரத்தில் பேனாவை வைத்தார்.

"வீட்டோட சேர்ந்தாப்போல இந்தச் சதுரம் என்ன?"

"அது கிடங்கு," என்றார் முதலாளி. "கடைச் சரக்கு வைக்கற இடம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"ஏற்கெனவே நிக்கற சுவருக்குள்ள வீடா மாத்தினா புது உயரம் இல்ல, புது நிழல் இல்ல. பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸும் கிடையாது, விசாரணையும் கிடையாது. அது வேற விதி. அதுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம்."

குழல் விளக்கு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

"தனிக் கதவு வைக்கலாமா?" என்று கேட்டாள் அக்கா.

"வச்சே ஆகணும்."

"அடுப்பு?"

"அடுப்பு இல்லைன்னா அது வீடே இல்ல."

முதலாளி அந்தச் சதுரத்தின்மேல் கையை வைத்து மறைத்தார். தேக்சாவும் அண்டாவும் கூரைவரை அடுக்கி நிற்கிற இடம் அது. ஊரில் எவனுக்கும் இல்லாத இருப்பு. அதை வைத்துத்தான் அவரால் இரட்டை விலை சொல்ல முடிகிறது. வேறு கிடங்கு என்றால் வாடகை, வண்டி, காவல்.

"பாதி தர்றேன்," என்றார். "நடுவுல ஒரு சுவர் எழுப்பி."

"பாதிச் சதுரம் குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போயிடும்," என்றார் அதிகாரி. "முழுசா, இல்லைன்னா இல்ல."

அக்கா பேசவில்லை. பதில் விலை சொல்லவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிராளி வாயைத் திறக்காத பேரத்தை அவர் அதுவரை சந்தித்ததில்லை. முக்கால் என்றார். பிறகு, ஜன்னலோர அலமாரி ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொன்னார். பிறகு அதையும் விட்டார்.

இன்ஜினியர் அங்கேயே ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்து வாங்கும்போது, "இதைத் தவிர வேற எதுலயும் எழுதாதீங்க சார்," என்றார்.

வெளியே வரும்போது முதலாளி திரும்பி அந்த முன்பணத்தைக் கேட்டார். அது கோப்பில் இருக்கும் என்றார் அதிகாரி. படியில் முன்னால் இறங்கிக்கொண்டிருந்த டாக்டர், மிச்சத்தை எப்போது தருவதாக உத்தேசம் என்று விசாரித்தார். முதலாளி அவருடைய பல்லைப் பற்றி ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

வேலை மழைக்கு முன்பே முடிந்தது. தெருவைப் பார்த்து ஒரு கதவு, நாலு பர்னர் வைத்த அடுப்பு, தொட்டி, குளியலறை, இரண்டு தையல் மெஷினுக்கும் வெளிச்சம். அக்கா குடிபோன அன்று தம்பியை உள்ளே கூப்பிடவில்லை. அண்டாக்கள் ஊருக்கு வெளியே ஒரு வாடகைக் கொட்டகையில் நசுங்கிக் கிடக்கின்றன. வேலியோரம் இப்போது யாரும் நிற்பதில்லை.

கணக்கு இவ்வளவுதான். வரவில் அக்காவுக்கு ஒரு வீடு, மனைவிக்கு முழு அடுப்பு, பூட்டு இல்லாத உப்பு ஜாடி. செலவில் ஒரு கிடங்கு, மாதாமாதம் வாடகை, கோப்பில் உறங்கும் ஐயாயிரம். கதவுக்குப் பூட்டுக்காரர் கொடுத்த சாவி மூன்று. ஒன்று அக்காவின் இடுப்பில். ஒன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, அவள் தன் கையாலேயே தம்பி மனைவியிடம் கொடுத்தது. மூன்றாவது தம்பிக்கு. அது இன்னும் வரவில்லை, நிலுவை.